இரண்டு கைகாட்டி ஒன்றாக இறங்கக் கூடாது



சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த நண்பர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். அதிலிருந்த நாலு மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி ஒரே வாயில் போட்டு விழுங்கினார். "என்னென்ன மாத்திரை சார்?" என்று கேட்டேன். "ஒண்ணு பி.பி.க்கு, ஒண்ணு இதயத்துக்கு. முட்டி வலிக்கு மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது ஒண்ணு. இந்த மஞ்சள் எதுக்குன்னு ஞாபகம் இல்லை, ஊர் டாக்டர் கொடுத்தார். நல்லா கேக்குது" என்று சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு மனது கேட்கவில்லை. 2019ஆம் வருடம் என் வீட்டில் நடந்ததை எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். நான் டாக்டர் அல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்து, 2018ல் சீனியர் செக்ஷன் இன்ஜினீயராக நாக்பூரில் ஓய்வு பெற்றவன். மருந்து விஷயத்தில் நான் சொல்வதெல்லாம் பட்டும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவைதான். ஆனால் மோதல் எப்படி உண்டாகிறது, அதை எப்படித் தடுப்பது என்பது 38 வருடம் நான் செய்த வேலை.

அக்கா வந்த கதை

லால்குடிப் பக்கம் எங்கள் சொந்த ஊரில் இருக்கும் என் அக்காவுக்கு அப்போது 66 வயது. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து, அது இதய வால்வைக் கெடுத்துவிட்டது. 1994ல் சென்னையில் ஆபரேஷன் செய்து உலோக வால்வு வைத்தார்கள். உலோக வால்வு உள்ளவர்கள் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் வால்வில் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும். அக்கா சாப்பிடுவது அசிட்ரோம் என்ற மாத்திரை. சாயங்காலம் ஏழு மணிக்கு விளக்கேற்றியதும் கடுகளவு மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். மாதம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை. அதற்கு ஐ.என்.ஆர். என்று பெயர். நம்மைப் போன்றவர்களுக்கு அது 1 என்ற அளவில் இருக்கும். அக்காவுக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் கட்டும், கூடினால் கசியும். இருபத்தைந்து வருடம் அந்தக் கம்பி மேல் பிசகாமல் நடந்தவள் அவள்.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம், பொங்கல் கழிந்து, நாலு மாதம் எங்களோடு இருக்கட்டும் என்று அழைத்து வந்தோம். சென்னைக்கு வந்து ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். வந்த மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு. தெருக்கோடியில் ஒரு டாக்டர் இருக்கிறார். நல்ல மனிதர், பத்து வருடப் பழக்கம். நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், பி.பி. பார்த்தார். பிறகு, வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று இந்தியில் கேட்டார். அக்காவுக்கு இந்தி தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். நான், "பி.பி. கீ கோலீ, பஸ்" என்றேன். பி.பி. மாத்திரை மட்டும்தான் என்று. அசிட்ரோம் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. அது அவள் சுருக்குப் பையில் இருக்கும் மாத்திரை, சாயங்காலம் அவளே எடுத்துப் போட்டுக்கொள்வது, நான் கண்ணால் பார்த்தது இரண்டு மூன்று தடவைதான்.

டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்தார். ஐந்து நாளைக்கு, ஒரு நாளைக்கு மூன்று வேளை. வயிற்றுப்போக்குக்கு நம் நாட்டில் லட்சக்கணக்கான பேர் சாப்பிடும் மாத்திரை. அதில் ஒரு தப்பும் கிடையாது. இரண்டாம் நாளே வயிறு நின்றுவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

நாலாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். "புது பிரஷ்ஷுடா, குத்துது" என்றாள். ஐந்தாம் நாள் முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். வளையல் இடித்திருக்கும் என்றாள். ஆறாம் நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. அதை என்னிடம் சொல்லவில்லை. தம்பியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். மறுநாள் என் மனைவியிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். அவள்தான் சட்டென்று கேட்டாள்: "அண்ணி, நீங்க சாயங்காலம் போட்டுக்கற மாத்திரை ரத்தம் உறையாம இருக்கத்தானே?"

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஐ.என்.ஆர். 8.6 என்று வந்தது. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டரைக்கு மேல். உள்ளே கசிந்துகொண்டிருந்தது. அந்த டாக்டரம்மா வீட்டிலிருந்து கொண்டு போன மாத்திரை அட்டைகளையெல்லாம் மேஜையில் பரப்பினார். அசிட்ரோம் அட்டையையும் மெட்ரோனிடசோல் அட்டையையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது யார்?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். வேறு என்ன சொல்வது? தெருக்கோடி டாக்டர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். தப்பான பதிலைச் சொன்னவன் நான். எங்கள் வேலையில் சொன்னால், தண்டவாளத்தில் வண்டி நிற்கும்போது லைன் கிளியர் கொடுத்த ஸ்டேஷன் மாஸ்டரின் குற்றம்.

அடுத்த ஐந்து நாட்கள் ஆஸ்பத்திரியில் பட்ட பாடு பெரிது. சாதாரண ஆளாக இருந்தால் வைட்டமின் கே ஊசி போட்டு ரத்தத்தை உறைய வைத்துவிடலாம். அக்காவுக்கு அப்படி ஒரேயடியாகச் செய்ய முடியாது. ரொம்ப உறைய விட்டால் உலோக வால்வு அடைத்துக்கொள்ளும். அசிட்ரோமை நிறுத்தி, வைட்டமின் கே கொஞ்சமாகக் கொடுத்து, ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றி, காலையிலும் மாலையிலும் பரிசோதித்து, அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். அக்கா பிழைத்தாள். "என்னமோ கண்ணேறுடா" என்றாள். கண்ணேறு இல்லை அக்கா, நான் வாய் திறக்காதது என்று அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கேபினில் இருந்த பூட்டு

நான் வேலைக்குச் சேர்ந்த 1980ல் பல ஸ்டேஷன்களில் கேபின் இருந்தது. வரிசையாக இரும்பு லீவர்கள். ஒரு லீவரை இழுத்தால் தூரத்தில் கைகாட்டி இறங்கும், இன்னொன்றை இழுத்தால் பாயின்ட் நகரும். ஒவ்வொரு லீவரும் தனியாகப் பார்த்தால் சரியானதுதான். ஆனால் மெயின் லைனில் வண்டி வர கைகாட்டி இறக்கிய பிறகு, அதே பாதையைக் குறுக்கே வெட்டும் இன்னொரு வண்டிக்கும் கைகாட்டி இறக்கினால் என்ன ஆகும்? அதனால்தான் லீவர்களுக்கு அடியில் இன்டர்லாக்கிங் என்ற பூட்டு அமைப்பு இருக்கும். ஒன்றை இழுத்தால் அதோடு மோதக்கூடிய மற்றது தானாகப் பூட்டிக்கொள்ளும். கேபின்மேன் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும், முழு பலத்தோடு இழுத்தாலும் நகராது. எது எதைப் பூட்ட வேண்டும் என்பதற்கு லாக்கிங் டேபிள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதைச் சரிபார்க்காமல் எந்த ஸ்டேஷனையும் திறக்க மாட்டோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. மாத்திரையும் தனித்தனியாகப் பார்த்தால் சரியானதுதான். இதய டாக்டர் தன் லீவரை இழுக்கிறார். வயிற்று டாக்டர் தன் லீவரை இழுக்கிறார். பல் டாக்டர், தோல் டாக்டர், முட்டி டாக்டர் எல்லோரும் தங்கள் தங்கள் கேபினில் இருக்கிறார்கள். நடுவில் பூட்டு இல்லை. எல்லா வண்டியும் நம் உடம்பு என்ற ஒரே யார்டுக்குள்தான் வருகிறது.

மோதல் மூன்று வகை

டாக்டரம்மா எனக்குப் பொறுமையாக விளக்கினார். பிறகு நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். மருந்துகள் மோதுவது பெரும்பாலும் மூன்று வகை.

முதல் வகை, வெளியேறும் பாதை அடைபடுவது. நாம் சாப்பிடும் பல மருந்துகளைக் கல்லீரலில் உள்ள நொதிகள்தான் உடைத்து வெளியேற்றுகின்றன. புதிதாக வந்த மருந்து அந்த நொதியை மறித்துக்கொண்டால் பழைய மருந்து வெளியே போக முடியாமல் உடம்பில் சேரும். அக்காவுக்கு நடந்தது இதுதான். அவள் ஒரு மாத்திரைகூட அதிகம் சாப்பிடவில்லை. ஆனாலும் பல மாத்திரை சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் அந்த நொதிகளை வேகப்படுத்தும். அசிட்ரோமும் வார்ஃபரினும் உடம்பில் தங்காமல் ஓடிவிடும், ரத்தம் கட்டும். காசநோய் மருந்தை நிறுத்தியதும் மறுபடி ஏறும்.

இரண்டாம் வகை, இரண்டு மருந்தும் ஒரே திசையில் இழுப்பது. இரண்டுமே பி.பி.யைக் குறைக்கும், அல்லது இரண்டுமே நாடியை மெதுவாக்கும். தனித்தனியே அளவோடு செய்வது, சேர்ந்தால் அளவு மீறும்.

மூன்றாம் வகை, ஒன்றுக்கொன்று எதிர்த்து இழுப்பது. ஒன்று பி.பி.யை இறக்க, மற்றது ஏற்றும். நாம் சாப்பிடுகிறோம் என்று நினைப்போம், பலன் இருக்காது.

இது படிக்காதவர்களுக்கும் சின்ன கிளினிக்குகளுக்கும் மட்டும் நேர்வது என்று நினைக்க வேண்டாம். 1997ல் ரோஷ் நிறுவனம் மிபெஃப்ரடில் என்ற பி.பி., நெஞ்சுவலி மருந்தை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது கல்லீரல் நொதிகளை மறித்து, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மருந்துகளோடு மோதுவதாகத் தெரிந்தது. எந்தெந்த மருந்தோடு சேர்க்கக் கூடாது என்ற பட்டியல் நீண்டுகொண்டே போய், டாக்டர்கள் நினைவில் வைத்திருப்பதே முடியாது என்ற நிலையில், 1998 ஜூனில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பேயர் நிறுவனத்தின் செரிவாஸ்டாடின் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்து 2001 ஆகஸ்டில் சந்தையிலிருந்து போனது. தசை சிதைந்து சிறுநீரகம் கெட்டுப் பலர் இறந்தார்கள். ஜெம்ஃபிப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து மிக அதிகமாக இருந்தது.

நம் வீடுகளில் அதிகம் சந்திக்கும் ஜோடிகள்

கீழே உள்ளதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். உங்கள் அட்டைகளில் இந்த ஜோடி இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், அவ்வளவுதான்.

1. அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு மெட்ரோனிடசோல், கோ-ட்ரைமாக்ஸசோல், படர்தாமரைக்கும் பூஞ்சைக்கும் கொடுக்கும் ஃப்ளூகொனசோல் ஆகியவை ரத்தக் கசிவை உண்டாக்கும். வலி மாத்திரைகளும் அப்படியே.

2. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, ஐசோசார்பைடு, நைட்ரோகிளிசரின் இவற்றோடு சில்டெனாஃபில், டாடாலாஃபில் சேரவே கூடாது. பி.பி. அதலபாதாளத்துக்குப் போய்விடும். சில்டெனாஃபில் முதலில் நெஞ்சுவலிக்காகப் பரிசோதிக்கப்பட்ட மருந்துதான். 1998லிருந்து ஆண்மைக் குறைவுக்காக விற்கப்படுகிறது. நம் வயது ஆண்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் வெட்கத்தை விட்டு டாக்டரிடம் மட்டுமாவது சொல்லுங்கள். சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரமும், டாடாலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்பது விதி.

3. கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் சாப்பிடுபவர்களுக்குக் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் தசை பாதிக்கப்படலாம். தொடை, தோள் எல்லாம் காரணமில்லாமல் வலித்து, சிறுநீர் கறுத்துப் போனால் உடனே போக வேண்டும்.

4. ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டான் வகை மாத்திரைகளோடு ஸ்பைரோனோலாக்டோன், பொட்டாசியம் சிரப், கோ-ட்ரைமாக்ஸசோல் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அது அதிகமானால் இதயம் நின்றுபோகும். 1999ல் ஒரு பெரிய ஆராய்ச்சி, பலவீனமான இதயத்துக்கு ஸ்பைரோனோலாக்டோன் நல்லது என்று காட்டியது. டாக்டர்கள் நிறைய எழுத ஆரம்பித்தார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அதன் பிறகு வெகுவாகக் கூடினார்கள் என்று 2004ல் கணக்கெடுத்துச் சொன்னார்கள். மருந்து நல்லதுதான். ரத்தப் பரிசோதனை இல்லாமல் சேர்த்ததுதான் கெடுத்தது. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் பொட்டாசியம் உண்டு என்பதை வீட்டுப் பெண்மணிகள் கவனிக்க வேண்டும்.

5. மேலே சொன்ன பி.பி. மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர் முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் சாப்பிட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயில் காலத்தில் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இன்னும் மோசம். நாக்பூர் மே மாத வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இபுப்ரோஃபெனை ஆஸ்பிரினுக்கு முன்னால் சாப்பிட்டால் ஆஸ்பிரினின் பலனையும் தடுத்துவிடும்.

6. மெட்டோப்ரோலால், அட்டெனோலால் இவற்றோடு வெராபமில் அல்லது டில்டியாசெம் சேர்ந்தால் நாடி அளவுக்கு மீறி மெதுவாகும். மயக்கம் வரும்.

7. டிகாக்சின் சாப்பிடுபவர்களுக்கு அமியோடரோன், வெராபமில், கிளாரித்ரோமைசின் சேர்ந்தால் டிகாக்சின் உடம்பில் விஷமாகச் சேரும். பசியின்மை, வாந்தி, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது இதன் அடையாளம். வயசாயிடுச்சு, சாப்பாடு பிடிக்கலை என்று விட்டுவிடக் கூடாது.

8. ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் குளோபிடோக்ரெலின் பலனை, வயிற்று எரிச்சலுக்கான ஒமெப்ரசோல் குறைக்கிறது என்று 2009ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. அதற்குப் பதில் பான்டோப்ரசோல் போன்றதை எழுதுவது வழக்கம்.

எல்லா ஜோடியும் சிவப்பு விளக்கு அல்ல. எங்கள் ரயில்வேயில் காஷன் ஆர்டர் என்று உண்டு. பாலம் வேலை நடக்கிறது, 20 கிலோமீட்டர் வேகத்தில் போ என்று டிரைவருக்கு எழுதிக் கொடுப்போம். வண்டி போகும், ஆனால் பார்த்துப் போகும். அதேபோல் டாக்டர்கள் தெரிந்தே சில மருந்துகளைச் சேர்ப்பார்கள். 2016ல் எனக்கு ஸ்டென்ட் வைத்தபோது ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்தே கொடுத்தார்கள். இரண்டும் ரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியவைதான். அப்போது அது அவசியம். நான் பயந்து ஒன்றை நிறுத்தியிருந்தால் ஸ்டென்ட் அடைத்துப் போயிருக்கும். ஆபத்து, டாக்டருக்குத் தெரியாமல் சேர்வதில்தான்.

நமக்கு மட்டும் ஏன் அதிகம்

வெளியூரில் குடியிருக்கும் நமக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிடக் கூடுதல். யோசித்துப் பாருங்கள்.

நமக்கு ஊரில் ஒரு டாக்டர், இங்கே ஒரு டாக்டர். ரயில்வேக்காரர்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் வாங்கும் மாத்திரை ஒரு பை, வெளியே ஸ்பெஷலிஸ்ட் எழுதியது இன்னொரு பை. ஊரிலிருந்து வரும் பெற்றோர் ஆறு மாத மாத்திரையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். பாதி அட்டையில் பெயர் கிழிந்திருக்கும்.

ஒரே மருந்து இரண்டு பெயரில் வரும். டெல்மா என்றாலும் டெல்மிகைண்ட் என்றாலும் உள்ளே இருப்பது டெல்மிசார்டான்தான். ஊர் டாக்டர் ஒன்று, இங்குள்ள டாக்டர் ஒன்று என்று எழுதி, பெரியவர்கள் இரண்டையும் சாப்பிட்டு, காலையில் எழுந்ததும் தலை சுற்றி விழுவது நடக்கிறது.

எல்லாவற்றையும்விட மொழி. அம்மாவோ மாமனாரோ தமிழில் ஐந்து வாக்கியம் சொல்வார்கள். நாம் அதை இந்தியில் இரண்டு வார்த்தையாக்கி டாக்டரிடம் சொல்கிறோம். நடுவில் காணாமல் போகும் மூன்று வாக்கியத்தில்தான் உயிர் இருக்கிறது. அவர்கள் வாய் பேச முடியாத ஊரில் நாம்தான் அவர்களுக்கு வாய். நான் அன்றைக்கு அந்த வாயைப் பாதியில் மூடினேன்.

நான் செய்துகொண்ட லாக்கிங் டேபிள்

அக்கா வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே ஒரு முழுத் தாளை எடுத்துக் கோடு போட்டேன். ஏழு கட்டம். மருந்தின் மூலப்பெயர், கம்பெனிப் பெயர், எத்தனை மி.கி., எந்த வேளை, எதற்காக, எந்த டாக்டர் எழுதியது, எந்தத் தேதியிலிருந்து. மூலப்பெயர் அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாவது எழுதுங்கள். ஜன் ஔஷதி கடைகளில் மூலப்பெயரிலேயே மருந்து கிடைப்பதால் அங்கே வாங்குபவர்களுக்கு இது சுலபம்.

தாளின் தலைப்பில் சிவப்பு மையில், "இதயத்தில் உலோக வால்வு உள்ளது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறார்" என்று தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். கீழே எங்கள் வீட்டு டெலிபோன் நம்பர். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அக்காவின் சுருக்குப் பையில் வைத்தேன். பிரதி ஒன்று என்னிடம், ஒன்று ஊரில் மருமகனிடம்.

அதோடு வீட்டில் நாலு விதி வைத்துக்கொண்டோம்.

எந்த டாக்டரிடம் போனாலும், கேட்பதற்கு முன்பே தாளை மேஜையில் வைக்க வேண்டும். பல் டாக்டராக இருந்தாலும் சரி, கண் டாக்டராக இருந்தாலும் சரி.

புது மருந்து எழுதினால், "இது இந்தத் தாளில் உள்ளவற்றோடு சேருமா? எதைக் கவனிக்க வேண்டும்? எத்தனை நாள்?" என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். மருந்துக் கடையிலும் பார்மசிஸ்டிடம் தாளைக் காட்ட வேண்டும். அவர் அதற்குப் படித்தவர்.

புது மருந்து தொடங்கினாலும் பழைய மருந்தை நிறுத்தினாலும் அன்றே தாளில் ஏற வேண்டும்.

சீட்டு இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், போன வருடம் கேட்டது என்று எதையும் வாங்கக் கூடாது. நாட்டு மருந்தும் லேகியமும்கூடத் தாளில் எழுதப்பட வேண்டும்.

மருந்தால் ஏதாவது கெடுதல் நேர்ந்தால் அதைப் பதிவு செய்ய 2010லிருந்து மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. காஜியாபாதில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. டாக்டர்கள் மட்டுமல்ல, நாமும் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். அது பதிவு செய்வதற்குத்தான். ஆபத்து நேரத்தில் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அக்காவின் போன்

2022ல் ஒரு நாள் மத்தியானம் ஊரிலிருந்து அக்கா போன் செய்தாள். கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து வீங்கி, பல் டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் சீட்டை எழுதி முடித்துக் கையில் கொடுக்கும்போது, இவள் ஞாபகம் வந்து சுருக்குப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டியிருக்கிறாள். அவர் படித்துவிட்டு, கொடுத்த சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினாராம். முதல் சீட்டில் இருந்தது ஒரு வலி மாத்திரையும், அதே மெட்ரோனிடசோலும். அதற்குப் பதில் அமாக்சிசிலினும் பாராசிட்டமாலும் எழுதி, இதுவும் கொஞ்சம் ஏற்றலாம், நாலு நாள் கழித்து ஐ.என்.ஆர். பார்த்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"உன் காகிதம் வேலை செய்யுதுடா தம்பி" என்றாள். அந்த வார்த்தைக்காக நான் மூன்று வருடம் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

டோக்கன் முறை உள்ள ஒற்றைப் பாதையில் வண்டி ஓட்டும் டிரைவர், கையில் டோக்கன் வராமல் அடுத்த செக்ஷனுக்குள் நுழைய மாட்டார். நம் வீட்டுப் பெரியவர்கள் கையிலும் அப்படி ஒரு தாள் இருக்கட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் மேஜையில் கொட்டுங்கள். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவிடம் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். கட்டம் போட்ட படிவத்தைப் பிரதி எடுத்து நம் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த மஞ்சள் மாத்திரை நண்பருக்கு ஒரு படிவத்தை நானே கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன். இப்போது அந்த மாத்திரை எதற்கு என்று ஊர் டாக்டருக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.